பத்துக்கு நாலு

வலி பத்துக்கு எவ்வளவு அக்கா என்று ஜெசிந்தா கேட்டாள். இந்திராணி ஒரு கணம் கண்ணை மூடி, இடுப்புக்குள் எதையோ தேடுகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, நாலு என்றாள். அவள் தேடவே இல்லை. தேடினால் அங்கே ஒன்றும் கிடைக்காது என்பது தெரிந்துதான் இருந்தது. ஆரம்பத்தில் ஒன்பது சொன்னாள், அது உண்மை. பிறகு ஏழு, ஆறு, அதுவும் உண்மைதான். ஐந்தில்தான் பொய் ஆரம்பித்தது. திடீரென்று இறங்கிவிட்டால் நன்றாக இருக்காது என்று படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தவள் நாலில் வந்து நின்றுகொண்டாள். மூன்று என்று சொன்னால் போய்விட்டது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நாலில் வலிக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது. ஜெசிந்தா சரி என்று தலையாட்டிவிட்டு நீலப் பாயை ஹாலில் விரித்தாள். உறையூரில் இந்த வாடகை வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஸ்கூட்டரில் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிற பிசியோதெரபிஸ்ட் அவள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் சின்ன சிலுவை, கையில் எப்போதும் ஹேண்ட்வாஷ் வாசனை. படுங்க, முழங்காலை மடக்குங்க, மூச்சை விட்டுட்டு தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்க, இடுப்புக்குக் கீழ பாய் ஒட்டணும். ஒட்டியது. எவ்வளவு சுலபமாக ஒட்டியது. ஒட்டாமல் இருப்பதுபோலக் கொஞ்சம் முகம் சுளிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது நேரம் கடந்திருந்தது. தாமதமாக வந்த அந்தச் சுளிப்பை ஜெசிந்தா பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாலை ஒட்டிய குளியலறைக்குள் மக் வாளியில் முங்கும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், பிறகு குணசேகரனின் குரல், கண்ணை மூடிக்கோ சோப்பு போடறேன் என்று. அதற்கு நிரஞ்சன் ஏதோ சொல்ல, அப்பனும் பிள்ளையும் சிரிக்கிறார்கள். நிரஞ்சனுக்குப் பத்தொன்பது வயது. பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட அடியால் இரண்டு காலும் சுவாதீனமில்லை, வலது கை விறைத்துப்போய் நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும், ஆனால் புத்தி கத்தி மாதிரி. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள். முன்னெல்லாம் அவன் பேசினால் குணசேகரன் இவள் முகத்தைத்தான் பார்ப்பான், என்ன சொல்றான் என்று. வாரம் முழுக்க ஓசூரில் கம்பெனி ஸ்டோரில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவனுக்குப் பிள்ளையின் பேச்சு பாதிதான் பிடிபடும், இவள்தான் எடுத்துச் சொல்வாள். இப்போது இவள் தேவையில்லை. அந்தச் சிரிப்புக்குள் இவளுக்கு இடமில்லை. அதில் ஒரு பொறாமை வந்தது. பொறாமைப்பட என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடுத்த மூச்சிலேயே தோன்றியது. பத்தொன்பது வருஷம் தூக்கினாள். கைக்குழந்தையாக இடுப்பில் இருந்தான், அப்போது எல்லாத் தாய்களையும் போலத்தான் இருந்தாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை தூங்கிட்டானா என்று பஸ்ஸில் கேட்பார்கள், ஆமாம் என்பாள். பத்து வயதில் யாரும் எதுவும் கேட்பதில்லை, வழி விட்டு ஒதுங்கினார்கள். மற்ற வீடுகளில் பிள்ளை வளர்வதைச் சுவரில் கோடு கிழித்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், அவளுக்கு அது முழங்கையில் தெரிந்தது, பிறகு தோளில், பிறகு முதுகில். அவன் மீசை அரும்புகிற வயசில் ஒருநாள் ராத்திரி மூன்றாவது தோசை கேட்டான். மாவு தீர்ந்துபோச்சுடா கண்ணு என்றாள். ஃப்ரிட்ஜில் சம்படம் நிறைய மாவு இருந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அந்த நிமிஷம் அவளுக்கே புரியவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் புரிந்தது, அவன் இதற்கு மேல் கனக்கக் கூடாது. பெற்ற பிள்ளையின் வயிற்றை எடைபோட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவன் கேட்காமலே தோசை வார்த்துப் போட்டிருக்கிறாள், அந்த ஒரு தோசை மட்டும் இன்னும் தீரவில்லை.

இப்போ இடுப்பைத் தூக்குங்க, மெதுவா, பாலம் மாதிரி, என்றாள் ஜெசிந்தா. தூக்கினாள். தோளிலிருந்து முழங்கால்வரை உடம்பு ஒரே சாய்வாக எழுந்து நின்றது. ஜெசிந்தா விரலை முதுகின் அடியில் கொண்டுபோய், எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கீழே வந்து, கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த இடம்தான். அன்று நிரஞ்சனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அந்த இடத்தில்தான் ஏதோ நழுவியது. சத்தம் கேட்டதா, கேட்கவில்லை, ஆனாலும் சத்தம் கேட்டதாகத்தான் நினைவிருக்கிறது. இடது கால் வழியாகப் பெருவிரல்வரை நெருப்பு ஓடியது. அவனை விடவில்லை, எப்படியோ நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் தரையில் சாய்ந்தாள். நாற்காலியில் அவன், கீழே அவள், பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்க்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவன் அழுதுகொண்டே இருந்தான், இவளால் கையை நீட்டி அவன் காலைத் தொடக்கூட முடியவில்லை. எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் செருகிக் காட்டினார். முதுகெலும்போட கடைசி எலும்பு பாருங்க, பின்பக்கம் இந்த வளைவுல ரெண்டு பக்கமும் கீறல், இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, பல வருஷமாத் தொடர்ந்து பாரம் விழுந்து விழுந்து வந்த விரிசல், அது பிடிமானம் விட்டதும் எலும்பு முன்னால நகர்ந்துடுச்சு என்றார். குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறத்தில் அடுக்கி வைத்த எலும்புகளில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியிலேயே சரியாகும், ஆனா இப்போதைக்குப் பையனைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அந்த வலிக்குள்ளும், அந்தப் பயத்துக்குள்ளும், குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்த மாதிரி இருந்தது. தூக்கக் கூடாது. அவளாகச் சொல்லவில்லை, டாக்டர் சொல்லிவிட்டார், படம் இருக்கிறது, விரிசல் இருக்கிறது. இப்போதைக்கு என்ற வார்த்தைதான் பிறகு வந்து உறுத்தியது. இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும். அதை அவள் கேட்கவில்லை, குணசேகரன் கேட்டுவிடுவானோ என்று பயந்தாள், அவனும் கேட்கவில்லை. அடுத்த மாதமே ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தான். கடைக்குப் போகுமுன் பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்தி உட்காரவைப்பது அவன் வேலையாயிற்று. வந்ததும் மறுபடி தூக்குவதும் அவன்தான்.

இறக்குங்க, மெதுவா, ஒவ்வொரு எலும்பா. இறக்கினாள். வலி போன அந்தக் காலைப்பொழுதும் இப்படித்தான், மெதுவாக, ஒவ்வொன்றாக. விழிப்பு வந்ததும் வழக்கம்போல வலியை எதிர்பார்த்து ஒருக்களித்தாள், வரவில்லை. மறுபக்கம் திரும்பினாள். இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடித் தேடிப் போவதைப் போல உடம்பு அதைத் தேடியது. எழுந்து உட்கார்ந்தாள், நின்றாள், குனிந்து பாதத்தைத் தொட்டாள். பக்கத்தில் குணசேகரன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். எழுப்பி, ஏங்க வலி இல்லைங்க என்று சொன்னால் அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான், சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்து என்ன நினைப்பான் என்று யோசித்தாள். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம், திரும்ப வந்தாலும் வரும் என்று மறுபடி படுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. எழுந்திருக்கும்போது கையை இடுப்பில் வைக்கப் பழகிக்கொண்டாள். குணசேகரன் பார்க்கும்போது மட்டும். அவன் கடைக்குப் போனபின் தலையை அவிழ்த்து நிதானமாக வாரினாள், சாவகாசமாகக் காபி குடித்தாள். பயிற்சி நாட்களில் ஒருத்தி வந்து இவளைப் படுக்கவைத்து, இங்கே இழுக்குதா, இங்கே எப்படி இருக்கு என்று இவள் உடம்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதற்காகக் காத்திருந்தாள். யாரும் அவள் உடம்பை அப்படிக் கேட்டதில்லை. அது முடிந்துவிடக் கூடாது என்றுதான் நாலில் நின்றாளோ. இல்லை, அது மட்டுமில்லை, அதைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. தூக்கப் பிடிக்கவில்லை. அதுதான். முடியவில்லை என்பது வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு, முடியாமல் போனதை எல்லோரும் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், பிடிக்காமல் போனதை ஒருத்தருக்கும் காட்ட முடியாது.

ஒருத்தனுக்குத் தெரியும். போன மாதம் ஒரு மத்தியானம் தண்ணீர் கேன் போடுகிற ஆள் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றிப் பார்த்தாள். குனிந்து, கேனை அணைத்துப் பிடித்து, ஒரு மூச்சில் தூக்கிக்கொண்டுவந்து ஸ்டாண்டில் கவிழ்த்தாள். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கும்போது இடுப்பு தன்னிடமே இருப்பதில் ஒரு பெருமைகூட வந்தது. திரும்பினால், உள்ளறை வாசலில் சக்கர நாற்காலியில் நிரஞ்சன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, இடது கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் வந்திருக்கிறான். அவனைத் தூக்க முடியாது என்று சொன்ன கைகளில் கேனின் ஈரம். தண்ணி வேணுமாடா என்று கேட்டாள், வேறென்ன கேட்பது. அவன் கேனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் சொல்ல மாட்டேம்மா" என்றான். அந்த மூன்று வார்த்தைகளை உச்சரித்து முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது, அந்த நேரம் முழுக்க அவள் நின்று கேட்க வேண்டியிருந்தது. குறை சொல்லியிருந்தால், அழுதிருந்தால், ஏம்மா பொய் சொன்னே என்று கேட்டிருந்தால் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். அவன் இவள் பக்கம் சேர்ந்துகொண்டான். தன்னைத் தூக்காமலிருக்க அம்மா சொல்கிற பொய்க்குத் தானே காவல் இருக்கிறான். அன்றிலிருந்து குணசேகரன் இருக்கும்போது அவன் இவளை நேராகப் பார்ப்பதில்லை, பார்த்தால் எங்கே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவனைப் போல.

இப்ப நாலு கால்ல நில்லுங்க, வலது கையும் இடது காலும் நீட்டணும், முதுகு மேல தண்ணி டம்ளர் வச்சா சிந்தக் கூடாது என்றாள் ஜெசிந்தா. அவள் நீட்டினாள். சிந்தாது. தரை டைல்ஸில் பார்வை நிலைத்தது. குளியலறையில் சிரிப்பு நின்று வெறும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். கடைசி வாளி. இனிமேல்தான் தூக்க வேண்டும், பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு, ஈர உடம்பு, வழுக்கும். இந்த இடத்தில் தினமும் அவளுக்கு மூச்சு நிற்கும். குணசேகரன் தூக்குகிற முறையே சரியில்லை. முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்து அள்ளுவான், ஆண்பிள்ளை பலத்தில். இன்று காலையில் சமையலறைக்கு வந்தவன் டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நொடிதான். பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, பிறகு ஒன்றுமில்லாதவன் மாதிரி காபியை எடுத்துக்கொண்டு போனான். அவன் சட்டையில் தைல வாசனை நாலைந்து நாளாகவே இருக்கிறது, அவள் துவைக்கப் போடும்போது முகர்ந்தாள். தலைவலித் தைலம் முதுகுப் பக்கம் ஏன் மணக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒன்றுமில்லை என்பான், ஆமாம் வலிக்குது என்று சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வது. அவனுக்கும் அந்தக் கடைசி எலும்பில் மயிரிழைபோல ஒரு கீறல் ஓடத் தொடங்கியிருக்குமோ, இவளுக்கு ஓடியதுபோலவே, தினம் ஒரு துளி பாரம் விழுந்து விழுந்து. தெரிந்தே அவன் முதுகில் ஏற்றி வைத்துவிட்டு அவள் இங்கே கையையும் காலையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், டம்ளர் தண்ணீர் சிந்தாமல். சூப்பர்க்கா, ஆடவே இல்ல, என்றாள் ஜெசிந்தா, நாலு வலி இருக்கறவங்க இவ்வளவு நேரம் நிக்க மாட்டாங்க, அடுத்த வாரத்தோட நான் வர்றதை நிறுத்திக்கலாம்னு நினைக்கிறேன், நீங்களே பண்ணிக்கலாம். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். இந்திராணி கையையும் காலையும் இறக்கினாள். அடுத்த வாரத்தோடு. அப்புறம் குணசேகரன் கேட்பான், கேட்காவிட்டாலும் ஒருநாள் காலையில் துண்டை எடுத்து இவள் தோளில் போட்டுவிட்டு ஓசூருக்குப் போன் பண்ணுவான். அந்தக் கனம் மறுபடி நெஞ்சில் வந்து சாயும். பிள்ளை வாசனையை, சோப்பு வாசனையை, அவள் காதோரம் படுகிற அவன் மூச்சை நினைத்தாள், வந்தது ஆசையா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

உள்ளே ஸ்டூல் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல், பாதியில் அறுந்துபோன முனகல். பிறகு ஒன்றுமே இல்லை. குழாய் சொட்டியது. "இந்திராணி" என்று குணசேகரன் கூப்பிட்டான். சத்தமாகக்கூட இல்லை. அவன் அப்படி அவள் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது.

எழுந்ததும் ஓடியதும் அவளுக்கே தெரியாது. இடுப்பில் கை வைக்கவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளினால் குணசேகரன் ஈரத் தரையில் முட்டிபோட்டுக் கிடந்தான், நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல். நிரஞ்சன் ஸ்டூலிலிருந்து பாதி நழுவி அவன் தோளில் சாய்ந்திருந்தான். இடுப்புத் துண்டு அவிழ்ந்து கிடந்தது. பிடிச்சிருக்கேன், விழ மாட்டான், ஆனா என்னால அசைய முடியல என்று குணசேகரன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். அவள் குனிந்தாள். பிள்ளையின் அக்குளுக்குள் கைகள் தாமாகவே போயின, பத்தொன்பது வருஷப் பழக்கம், உள்ளங்கைக்கு அவன் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கப் போனவளின் தோளைப் பின்னாலிருந்து ஒரு கை அழுத்தியது. தூக்காதீங்கக்கா, என்றாள் ஜெசிந்தா, விடுங்க, தூக்காதீங்க. அவள் செருப்பில்லாமல் ஈரத்தில் வந்து நின்றாள். தரையில் கிடந்த துண்டை எடுத்து முதலில் பையன் இடுப்பில் சுற்றினாள். சக்கர நாற்காலியை ஸ்டூலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, பெரிய துண்டொன்றை அவன் தொடைக்கு அடியில் நுழைத்து ஓர் ஓரத்தை இந்திராணியிடம் கொடுத்து, மறு ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டாள். முழங்காலை மடக்குங்க, முதுகை நேரா வைங்க, தூக்க வேண்டாம், இழுத்து நகர்த்துங்க, தம்பி நீயும் இடது கையால அந்தக் கம்பியைப் பிடிச்சு இழு. அவன் இழுத்தான். துண்டோடு சறுக்கிக்கொண்டு நாற்காலிக்குள் வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். இந்திராணி துண்டின் நுனியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

குணசேகரனை இரண்டு பேருமாகத் தாங்கிக்கொண்டுவந்து அந்த நீலப் பாயிலேயே படுக்கவைத்தார்கள். ஜெசிந்தா அவன் கால்கள் இரண்டையும் மடக்கி ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்து, காலை அசைத்துப் பார்த்து, மரத்துப்போகிறதா என்று கேட்டு, விரலால் அங்கங்கே அழுத்தினாள். தசைப்பிடிப்பு மாதிரிதான் தெரியுது சார், ஆனா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, எத்தனை நாளா வலி என்றாள். கொஞ்ச நாளா என்றான் அவன். ஏன் சொல்லல என்று ஜெசிந்தா கேட்டதற்கு, இவளே முடியாம இருக்கா, இவகிட்ட எப்படிச் சொல்றது என்றான், இந்திராணி அங்கே இல்லாததுபோல, கூரையைப் பார்த்துக்கொண்டு. அவள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். இந்த நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் சொல்லவே வேண்டாம், இருக்கிற கலவரத்தில் அவள் ஓடிவந்ததை யார் கவனித்திருக்கப் போகிறார்கள், அவசரத்தில் வலி தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், அப்படி நடப்பதுண்டு, எல்லோரும் நம்புவார்கள். நம்புவார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

"எனக்கு வலி இல்லீங்க" என்றாள். "ரெண்டு மாசமா இல்ல."

குணசேகரன் தலையை மட்டும் திருப்பினான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இருந்தால் நன்றாக இருக்கும். அவன் கணக்கெழுதுகிறவன், எதையோ கூட்டிப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் இமைக்காமல் இருந்தான். அப்ப காலைல எல்லாம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தது, என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். ஆமாம் என்றாள். திரும்ப அவனைத் தூக்கணுமேன்னு, என்றாள், பிடிக்கலைன்னு சொல்ல வாய் வரல. அவன் மறுபடி கூரைக்குத் திரும்பிக்கொண்டான். சொல்லியிருக்கலாம், என்றான். அந்த ஒரு வார்த்தையில் திட்டும் இருந்தது, மன்னிப்பும் இருந்திருக்கலாம், எது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை, இனி பல நாளைக்குத் தெரியப் போவதுமில்லை. ஜெசிந்தாதான் பேசினாள். வலி போனதும் திரும்பத் தூக்கலாம்னு உங்களுக்கு யார் சொன்னது, வலிதான் போயிருக்கு, நகர்ந்த எலும்பு நகர்ந்த இடத்துலதான் இருக்கு, பக்கத்துத் தசையெல்லாம் பலமாகி அதைப் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய பையனை நீங்கன்னு இல்ல, சாரும் சரி, நானும் சரி, தனியாத் தூக்கக் கூடாது, ரெண்டு பேர் வேணும், நகர்த்தறதுக்குப் பலகை இருக்கு, பெல்ட் இருக்கு, அடுத்த வாரம் அதைத்தான் சொல்லித்தரணும். இவ்வளவு நாள் நான் இதைச் சொல்லாம விட்டதும் என் தப்புதான், உங்க முதுகை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்துட்டேன், என்றாள்.

இந்திராணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தூக்க வேண்டாம், என்றைக்குமே வேண்டாம். அந்த நிம்மதியின் வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூசியது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேர் வழியில் கிடைத்திருக்கும், அதை இவள் திருடிக்கொண்டிருந்தாள், இப்போது திருடியதையே கையில் கொடுத்து வைத்துக்கொள் என்கிறார்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா. பாயில் கிடக்கிறவன் ஒருக்களிக்க முடியாமல் மூச்சை இழுத்து விட்டான்.

தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன நிரஞ்சன் உள்ளறையில் ஈரத் துண்டோடு அப்படியே இருக்கிறான் என்று நினைவு வந்து எழுந்து போனாள். காய்ந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான், ஹாலுக்கும் அறைக்கும் நடுவே ஒரு கதவுதான், அதுவும் எப்போதும் திறந்தே இருக்கும். என்ன சொல்வது. உன்னைத் தூக்கப் பிடிக்கலன்னு சொன்னேன், உன்னைப் பிடிக்கலன்னு இல்லடா, என்று வாக்கியத்தை மனசுக்குள் கட்டினாள், அது அவளுக்கே பொய்போல இருந்தது, வேறு மாதிரி கட்டினாள், அதுவும் சரிப்படவில்லை. கழுத்தைத் துவட்டி, முதுகைத் துவட்டி, நெஞ்சுக்கு வந்தபோது அவன் இடது கையால் துண்டைப் பிடித்துக்கொண்டான். விளையாடுகிறான் என்று நினைத்து லேசாக இழுத்தாள். அவன் விடவில்லை.

"அம்மா" என்றான். "நீ குளிப்பாட்டுறது… எனக்குப் பிடிக்கல."

அவள் கை நின்றது. எப்பலேர்ந்து என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மீசை வந்ததுலேர்ந்து, என்றான் அவன், இழுத்து இழுத்து. சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தான், காதுமடல் சிவந்திருந்தது. அப்பா பரவாயில்ல, என்றான். ஏன்டா சொல்லல என்றதற்கு, நீ அழுவேன்னு, என்றான். அவன் மீசை வந்து எத்தனை வருஷமாகிறது. அத்தனை வருஷமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சோப்பு எரியுதா என்று கேட்பாள், ஆமாம் என்பான். இவள் முதுகில் விரிசல் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் எல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான், இவளுக்காக. அழவில்லை. அழக் கூடாது, இப்போது அழுதால் அவன் சொன்னது சரியாகிவிடும். நான் வெளிய போகட்டுமா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். சட்டையை மட்டும் குடுத்துட்டுப் போ.

அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டீஷர்ட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கழுத்துப் பக்கம் எது, கைப் பக்கம் எது என்று விரித்து வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல், வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்திப் பழக்கமில்லாமல் தரையில் உரசியது. சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். உள்ளே துணி உரசும் சத்தம். நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பெருமூச்சு. விறைத்த கையை முதலில் நுழைக்க வேண்டும், அது தெரியுமா அவனுக்கு, நல்ல கையை முதலில் விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வான். தினமும் அவளோ அப்பாவோ போட்டுவிடுவார்கள், அவனாகப் போட நேரமாகும் என்று, யாருக்கு நேரமாகும், எங்கே போக நேரமாகும். எதுவோ தரையில் விழுந்தது. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது, அங்கேயே தங்கியது. மறுபடி துணி உரசும் சத்தம், இப்போது வேறு மாதிரி, தலைக்குமேல் இழுக்கிற சத்தம். ஹாலில் ஜெசிந்தா பையை மூடிக்கொண்டிருந்தாள். என்ன பண்றான் என்று பாயிலிருந்து குணசேகரன் கேட்டான், வெகுநேரத்துக்குப் பிறகு அவன் இவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. இந்திராணி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"சட்டை போட்டுக்கிட்டிருக்கான்" என்றாள்.